றிலீவர் இல்லாத டூட்டி: வீட்டில் வருத்தக்காரரைப் பார்க்கிறவர்களுக்கு

நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பஸ் டிப்போவில் 31 வருசம் நேரக்கணிப்பாளராக இருந்தவன். ரைம்கீப்பர் என்றால்தான் ஊரில் விளங்கும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், எந்தச் சாரதி இறங்க எந்த றிலீவர், அதாவது மாற்றாள், ஏற வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த ஆள். ஓய்வு பெற்று இரண்டாம் வருசம், 2019 ஆவணியில், என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவளைப் பார்ப்பது நான். கொஞ்சக் காலமாக என்னைப் பார்ப்பது அவள். இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் முதற்பாதியை மட்டும் செய்துகொண்டிருந்த காலத்தில் நான் கிட்டத்தட்ட முடிந்துபோனேன்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்திவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் விறாந்தையில் குந்தியிருக்கிற ஒருவருக்கு இது உதவினால் போதும். நான் வைத்தியன் இல்லை. டொக்ரரும் பிசியோதெரப்பி செய்கிறவர்களும் சொல்வதுதான் முதல். அவர்கள் போன பிறகு வீட்டுக்குள் நடக்கிற வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

இஞ்சித் தேத்தண்ணி

அன்று காலை அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காய் உருண்டு வந்து வாசற்படியில் நின்றது. எடுத்துக்கொண்டு உள்ளே போனால், திருவலையில் அப்படியே இருக்கிறாள், வலக்கை மடியில் கிடக்கிறது, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. என்னவென்று கேட்டால் குழறுகிறாள். நான் வாய்வு என்று நினைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி பருக்கினேன். பாதி கடைவாயால் வழிந்தது. கொஞ்சம் படுத்தால் சரிவரும் என்று பாயில் படுக்கவைத்தேன்.

வாய் கோணுதல், ஒரு கை தூக்க ஏலாமற் போதல், பேச்சுக் குழறுதல், இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலே போதும், உடனே 1990க்கு அடியுங்கள். காசில்லாத அம்புலன்ஸ், எங்கள் பக்கத்துக்கு 2018இலிருந்து இருக்கிறது. வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், தண்ணீர்கூட. விழுங்குகிற பலமும் போயிருக்கக்கூடும், கொடுத்தது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கையில் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். இரத்தக்கட்டியால் வந்த பாரிசவாதம் என்றால் அதைக் கரைக்கிற மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முதல் ஸ்கானும் எடுத்தாக வேண்டும். அதில் ஒன்றரை மணித்தியாலத்தை நான் இஞ்சித் தேத்தண்ணியில் கரைத்துவிட்டேன். 31 வருசம் நேரம் பார்த்தவன்.

உடம்பு வேலை

கட்டிலில் தொடங்குங்கள். ஆளை விளிம்பில் இருத்தினால் இரண்டு பாதமும் நிலத்தில் நன்றாகப் படிய வேண்டும். எங்களுடையது அவளுடைய தகப்பன் சீதனத்தோடு தந்த உயரக் கட்டில். நாலு காலையும் மூன்று அங்குலம் அறுத்தேன். வாள் சத்தம் கேட்டு வந்த அவளுடைய தமக்கை, “அப்பா தந்த கட்டிலையோ வெட்டுறீங்கள்” என்று ஏசிய ஏச்சு இன்னமும் முடியவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் அவள் எழும்பி நின்றது அந்த மூன்று அங்குலத்தால்தான்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடம், நிமிர்த்தி, வலம். நான் பழைய டூட்டிக் கொப்பியில் கோடு போட்டு நேரத்தை எழுதினேன். மனதில் வைத்திருக்கப் பார்த்தால் இரவு 2 மணிக்குத் திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகம் வரும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிக்கால் மெத்தையில் முட்டாதபடி கெண்டைக்குக் கீழே ஒன்று. ஏலாத பக்கமாகக் கிடத்தும்போது கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவர்களுக்கு அது தெரியாது. நாரி முடிகிற இடம், இடுப்பெலும்பு, குதிக்கால் இவற்றைத் தினமும் ரோச் அடித்துப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். எண்ணெய் பூசித் தேய்க்கச் சொல்லி ஆட்கள் சொல்வார்கள். தேய்க்க வேண்டாம். அந்த இடத்தில் பாரம் படாமல் விட்டுவிட்டு, தாதியிடம் காட்டுங்கள்.

மகன் காசனுப்பி ஒரு காற்று மெத்தை வாங்கினோம். நல்ல சாமான்தான். ஆனால் 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களில் அது அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. மெத்தை வந்ததிலிருந்து திருப்புவதைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தேன். திரும்பவும் கொப்பியை எடுத்தேன்.

தூக்குவதில்தான் பார்க்கிறவரின் நாரியும் வருத்தக்காரரின் தோளும் ஒன்றாகப் போகும். ஏலாத கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள்மூட்டைப் பிடித்திருக்கிற தசை தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு விலகும். நான் ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து அவளுடைய இடுப்பில் இறுக்கிக் கட்டி அதைத்தான் பிடிப்பேன். கதிரையைச் சுகமான பக்கம், கட்டிலோடு ஒட்டி வைக்க வேண்டும். சில்லுக் கதிரை என்றால் பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஆளை முன்னுக்குச் சரியச் சொல்லுங்கள், மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை. உங்கள் முழங்காலை மடித்து, நாரியை மடிக்காமல், ஒன்று இரண்டு மூன்று. எண்ணுவதை அவர்களிடம் விடுங்கள். நான் எண்ணினால் நான் தூக்குகிறேன். அவள் எண்ணினால் அவள் எழும்புகிறாள், நான் பிடிக்கிறேன். பாரத்தில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

சட்டை போடும்போது ஏலாத கை முதல், கழற்றும்போது ஏலாத கை கடைசி. இந்த ஒரு வரியை எனக்கு யாராவது முதல்நாளே சொல்லியிருந்தால் இரண்டு நைற்றி கிழிந்திருக்காது.

சாப்பாட்டில் எங்கள் ஊர்ப் பிட்டு ஒரு எதிரி. உதிர்ந்து தொண்டையில் சிதறும், புரையேறும். சொதியில் நன்றாக ஊறவைத்து வாழைப்பழம் சேர்த்துக் குழைத்தால் சரி. இடியப்பத்தை வெட்டிச் சொதியில் ஊறவிடலாம். வெறும் தண்ணீர்தான் விழுங்கக் கஷ்டமானது, கஞ்சி அதைவிட லேசு. எது எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை விழுங்குவதைப் பார்த்துச் சோதிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னக் கரண்டியால், சுகமான பக்கக் கடைவாயில். விழுங்கி முடிந்த பிறகுதான் அடுத்த வாய். முடிந்ததும் ஏலாத பக்கக் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை காலையில் கொடுத்த குளிசை பின்னேரம் அங்கே இருந்தது. அரை மணித்தியாலம் படுக்கவிடக் கூடாது. பல்லையும் நாக்கையும் இரண்டு வேளை துப்புரவாக்க வேண்டும்.

குளிக்க வார்க்கிற தண்ணீரை உங்கள் முழங்கையால் பாருங்கள். ஏலாத பக்கத்துக்குச் சூடு தெரியாது.

இனி, தலைமயிர். அவளுக்கு நாரிவரை மயிர், நரைத்தாலும் அடர்த்தி. படுக்கையில் சிக்குப் பிடித்துக் கயிறு போலாகிவிட்டது. தமக்கை வந்து, வெட்டிவிடுவோம், உங்களுக்கும் லேசு என்றார். அவளிடம் கேட்டோம். “ஓம்” என்றாள். கத்தரிக்கோலை எடுத்தால் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த நாட்களில் அவளுக்கு வாயில் வந்த ஒரே சொல் ஓம். தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். (தேவாரம் மட்டும் ஒரு வரி தொடக்கிவிட்டால் முழுதாக வரும். ‘தண்ணி’ என்ற சொல் வராது. மனப்பாடமாக ஓடுகிறதற்கும் யோசித்துச் சொல்கிறதற்கும் மூளையில் வேறு வேறு வழி என்றார்கள்.) அதற்குப் பிறகு வாயை நம்பாமல், வேண்டுமென்றால் என் கையை அமத்து, வேண்டாமென்றால் விடு என்று பழக்கினோம். அன்றைக்குக் கத்தரிக்கோல் பெட்டிக்குள் போனது.

பின்னத் தெரியாதே எனக்கு. மருமகனுடைய (சகோதரியின் மகன்) மகள், ஒன்பது வயது, விறாந்தைத் தூணில் மூன்று கயிறு கட்டிச் சொல்லித்தந்தாள். “இடப்பக்கத்தை நடுவுக்குக் கொண்டு வாங்கோ அப்பப்பா, பிறகு வலப்பக்கத்தை, இறுக்காதைங்கோ.” நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போக வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும், நான் உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். முதற்பின்னல் எலிவால் மாதிரி. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். வருத்தம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள், கோணல் வாயோடு.

டிப்போவில் கையெழுத்து வைக்காதவன்

இப்படி இரண்டு வருசம். நான் ஒருவனே. 2020இல் ஊரடங்கு வேறு, வருகிற ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள். ஆட்கள் கேட்டால், “பறவாயில்லை, நான் சமாளிப்பன்” என்பேன். மனைவியைப் பார்க்க மற்றவர்களிடம் கையேந்துவதா என்ற வீம்பு. அதைப் பாசம் என்று நானே எனக்குப் பெயர் வைத்திருந்தேன்.

2021 கார்த்திகை, நல்ல மழை. இரவு மூன்றாம் முறை திருப்பப் போனேன், படுக்கை நனைந்திருந்தது, ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான் மாற்றியது. “எனக்கு மட்டும் ஏன் இந்தச் சீவியம்?” என்று கத்திக் கையிலிருந்த பேணியைச் சுவரில் எறிந்தேன். சீமெந்துப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இடக்கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சுவரை நான் இன்னும் பூசவில்லை.

விடிய, கிணத்தடியில் தலை சுற்றி இருந்துவிட்டேன். டொக்ரர் பிறஷர் பார்த்தார், 190க்கு 110. அவளுடைய குளிசைகளைக் காலை, மத்தியானம், இரவு என்று பெட்டி பிரித்து வைத்தவன், என்னுடைய பிறஷர்க் குளிசை முடிந்து மூன்று கிழமை என்பதைக் கவனிக்கவில்லை.

டிப்போவில், றிலீவர் வராவிட்டால் இறங்க வேண்டிய சாரதியையே திரும்ப ஏற்றி அனுப்பச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். நான் கையெழுத்து வைத்ததில்லை. ஸ்ரியறிங்கில் நித்திரையானால் அறுபது உயிர். வீட்டில் மட்டும் இரண்டு வருசம் அதே டபுள் டூட்டிக்கு நானே கையெழுத்து வைத்திருந்தேன்.

உங்களுக்கும் இது நடக்கிறதா என்று பார்க்கச் சில அடையாளம் சொல்கிறேன். நித்திரைக்கு நேரம் கிடைத்தும் கண் மூடாது. சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும். உங்கள் கிளினிக் கொப்பியில் கடைசித் தேதி எப்போதென்று தெரியாது. வருத்தக்காரரைப் பார்க்கும்போது ‘இது முடிந்துவிட்டால்’ என்று ஒரு நினைவு வந்து போகும், பிறகு அதற்காக உங்களையே வெறுப்பீர்கள். அந்த நினைவு வராதவர் குறைவு, வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. ஆனால் அது வந்து போகாமல் உட்கார்ந்துவிட்டால் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நேரே சொல்ல ஆளில்லாவிட்டால் 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, இரவிலும் எடுப்பார்கள்.

கேட்கிறவர்களுக்குக் கொடுக்க ஒரு லிஸ்ற்

“ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ அண்ணை” என்று படலையில் நின்று சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அவர்கள் சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் தலைச்சுற்றுக்குப் பிறகு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டு வேலை முழுவதையும் எழுதினேன். பெரிய வேலைகளைத் துண்டு துண்டாக வெட்டினேன். ‘மனைவியைப் பார்ப்பது’ என்று எழுதினால் யாரும் ஏற மாட்டார்கள். ‘செவ்வாய் 4 மணியிலிருந்து 6 மணிவரை பக்கத்தில் இருப்பது’ என்றால் ஏறுவார்கள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்துக் கூட வருவது. மருந்துத் துண்டைக் கொண்டுபோய் மருந்தெடுத்து வருவது. வெள்ளிக்கிழமை ஒரு நேரச் சமையல். கிணத்து மோட்டர் இறுகினால் பார்ப்பது. அதற்கு எதிரே ஆள் பெயர் எழுத இடம் விட்டேன், டூட்டி லிஸ்ற் மாதிரியே.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கேட்கப் போவதற்கு மூன்று நாள் எடுத்தது. மதிலடியில் நின்று, “பிள்ளை, செவ்வாய்க்கிழமையில் இரண்டு மணித்தியாலம் அக்காவோட இருப்பீங்களோ?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அவர் சொன்னது: “இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. நான் வந்தால் உங்களுக்குக் கரைச்சலெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்.” இரண்டு வருசம் மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருந்திருக்கிறோம். முன்பு கிடுகுவேலி இருந்த காலத்தில் ஒரு பொட்டு இருக்கும், பெண்கள் அதற்குள்ளால் போய்வருவார்கள், கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது. மதிலைக் கட்டியதும் நான்தான்.

கேட்கும்போது நாளையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஏலாது என்று சொல்ல இடமும் வையுங்கள், அப்போதுதான் ஓம் என்கிறவர் மனதோடு வருவார். வந்தவர் உங்களைப் போலச் செய்ய மாட்டார். போர்வையை வேறு மாதிரி மடிப்பார், தேத்தண்ணியில் சீனி கூடும். திருத்தப் போகாதீர்கள். விழுங்குவதிலும் தூக்குவதிலும் மட்டும் பிடிவாதமாக இருங்கள். அவர் வந்ததும் நீங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அறைக்குள்ளேயே சுற்றினால் அது றிலீவ் இல்லை. நான் வாசிகசாலைக்குப் போவேன். உதயனும் வலம்புரியும் வாசித்து, பழைய கண்டக்டர் ஒருவரோடு டிப்போக் கதை கதைத்து, பிளேன் ரீ குடித்து வருவேன். முதல் செவ்வாய் பத்து நிமிசத்தில் திரும்பி வந்துவிட்டேன். தங்கச்சி படலையில் மறித்து, “இன்னும் ஒண்டேமுக்கால் மணித்தியாலம் கிடக்கு, போங்கோ” என்று அனுப்பிவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒரு தனிக் கதை. மகள் ரொறொன்ரோ, மகன் லண்டன். காசு குறைவில்லை. ஆனால் வீடியோவில் பார்த்துவிட்டு, “அம்மா ஏன் மெலிஞ்சு போனா, நீங்கள் வடிவாச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?” என்பார்கள். அது பயத்தில் வருகிற பேச்சு என்று இப்போது விளங்குகிறது, அப்போது போனை வைத்துவிடுவேன். அவர்களுக்கும் டூட்டி போட்டேன். கிளினிக் தேதிகளும் குளிசைக் கணக்கும் மகள் பொறுப்பு, முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவள் எனக்கு அடிப்பாள். ஞாயிறு பின்னேரம் 7 மணிக்குத் தாயோடு பேசுவது மகன் பொறுப்பு, கோடையில் அவனுக்கு மத்தியானம் இரண்டரை. ஒரு மணித்தியாலம் தாயும் மகனும் கதைப்பார்கள், அதில் முக்கால்வாசி மௌனம், நான் அந்த நேரம் குளித்து ஆறுதலாகச் சாப்பிடுவேன். வேலை கிடைத்த பிறகு குற்றம் சொல்வது தன்பாட்டில் குறைந்துவிட்டது.

சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர்கள், வேலையை முதல்நாளே எழுதிக் காட்டுங்கள், மாதத்தில் இத்தனை நாள் லீவு என்றும் எழுதுங்கள். அவருக்கும் றிலீவர் வேண்டும்.

வெறுங்கோப்பை

எங்களில் ஒரு பழக்கம், கறி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் வருத்தக்கார வீட்டில் இது ஒரு பொறி. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று நினைத்து, வருகிற பாத்திரத்தையே வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவோம். பருப்புக்கறி வந்த கிண்ணத்தைக் கழுவி, அதற்குள் என்ன போடுவதென்று தேடி, கடைசியில் கடையில் பிஸ்கற் பக்கற் வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கறி தந்த பெட்டைக்குக் கோவம் வந்துவிட்டது.

என் கருத்து, முதல் வருசம் வெறுங்கோப்பையே திருப்பிக் கொடுங்கள். கழுவித் துடைத்து, “நல்லாயிருந்தது, அவ இரண்டு தரம் கேட்டவ” என்று ஒரு சொல்லோடு. கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு அது போனது தொண்டைமானாற்றில். 2023இல் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கச்சி வீட்டில் நிற்க, நான் செல்வச்சந்நிதிக்குப் போனேன். அன்னதானக் கந்தன் என்று பெயரே அந்த முருகனுக்கு. மடத்தில் பந்தியில் இருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கடை முதலாளி, அந்தப் பக்கம் ஒரு பிச்சைக்காரர். மூன்று பேருக்கும் ஒரே அகப்பையால் சோறு. முதலாளி இரண்டாம் முறை கைநீட்டிச் சாம்பார் கேட்டார். நானும் கேட்டேன். அங்கே வாங்குகிறவன் யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை. வீட்டில் மட்டும் ஏன் பருப்புக்கறிக்குக் கணக்கு வைத்திருந்தேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

படுத்திருக்கிறவருக்கும் டூட்டி

வாங்குவதற்கு நான் பட்ட அந்தரத்தை அவள் நாலு வருசம் தினமும் பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் லிஸ்ற்றில் எல்லாருடைய பெயரும் இருந்தது, அவளுடைய பெயர் இல்லை.

பார்க்கப்படுகிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பொழுதுபோக்கு வேண்டாம், அவர் செய்யாவிட்டால் வீட்டில் ஒரு காரியம் நடக்காது என்கிற வேலை. இடக்கையால் முருங்கையிலை உருவலாம், பயற்றில் கல் பார்க்கலாம், உள்ளி உரிக்கலாம். முதலில் என்னிலும் மூன்று மடங்கு நேரம் எடுத்தாள். எடுக்கட்டும். கறி பிந்தினால் பிந்தட்டும். பக்கத்தில் நின்று, விடும் நான் செய்யிறன் என்று வாங்கிவிடாதீர்கள். எனக்கு அந்தப் பழக்கத்தை விட மாதக்கணக்கானது.

2024 பங்குனியில் வளவு வேம்பு பூத்துக் கொட்டியது. இதற்குள் அவளுக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பியிருந்தது. “வடகம்” என்றாள். வேப்பம்பூ வடகம் அவளுடைய கைக்குப் பேர்போனது, வருத்தத்துக்குப் பிறகு வீட்டில் போட்டதில்லை. சில்லுக் கதிரையை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சொல்வது அவள், செய்வது நான். பாய் விரித்துப் பூவைப் பொறுக்கிக் காயவிட்டேன். உளுந்தை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்தேன். மையாக அரைத்துவிடுவேனோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் மிக்சியை நிறுத்தச் சொன்னாள். செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு. குழைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் இடக்கை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, “தண்ணி கூடிப்போச்சு. இன்னும் பூப் போடுங்கோ” என்றாள். நாலு முறை போட்டேன். ஐந்தாம் முறைதான் தலையாட்டினாள். தட்டித் தட்டி ஓலைப்பாயில் வைத்து மூன்று நாள் வெயில். காகம் விரட்டுகிற டூட்டி அவளுடையது, இடக்கையில் ஒரு நீளக் குச்சி.

பிறகு தங்கச்சி வீட்டுக் கிண்ணம், தமக்கையின் பேணி, கிளினிக்குக்குக் கூட வருகிற பொடியனின் சாப்பாட்டுப் பெட்டி, வீட்டில் தங்கிக் கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கச் சொன்னாள். எந்தப் பாத்திரத்துக்கு எத்தனை வடகம் என்பதை அவள்தான் எண்ணினாள்.

கண் ஒப்பரேசன்

அதே வருசம் ஆவணியில் எனக்கு வலக்கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். ஒப்பரேசன் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம். பிறகுதான் கரைச்சல். சில கிழமைக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, கிணற்றுத் தண்ணீர் கண்ணில் படக் கூடாது. பாரம் தூக்காமல் இவளை எப்படி எழுப்புவது? லிஸ்ற்றை எடுத்தோம். காலை தங்கச்சியின் மகன், மத்தியானம் சம்பளத்துக்கு ஒரு பெண், இரவு மருமகன். 2021இல் அந்தக் கலண்டர் தாளை எழுதாமல் விட்டிருந்தால் நான் இந்தக் கண்ணை இன்னும் ஒத்திப்போட்டுக்கொண்டிருப்பேன்.

துளிமருந்து மட்டும் மிச்சம். பகலில் பல தடவை, இரண்டு விதமான போத்தல், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிசம் விட வேண்டும். நானே விட்டுப் பார்த்தேன், பாதி கன்னத்தில். “இஞ்ச கொண்டு வாங்கோ” என்றாள்.

செய்முறை இதுதான். கை கழுவ வேண்டும். தலையை அண்ணாந்து, மேலே பார்த்து, கீழ் இமையை மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை வரும், அதற்குள் ஒரு துளி. போத்தல் நுனி கண்ணில் முட்டக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு விரலால் இரண்டு நிமிசம் அமத்திக்கொள்ள வேண்டும், அப்போது மருந்து தொண்டைக்குள் வடியாது. ஒரு கையால் எப்படி இமையையும் இழுத்துப் போத்தலையும் அமத்துவது? இமையை நான் இழுத்தேன், போத்தலை அவள் பிடித்தாள். சில்லுக் கதிரைக்கு முன்னால் சின்ன வாங்கு போட்டு நான் இருந்து, தலையைப் பின்னுக்கு அவளுடைய மடியில் சாய்த்தேன். அந்தக் கை நடுங்கியது. முதல் துளி மீசையில். இரண்டாவது நெற்றியில். “ஆடாமல் இருங்கோ” என்றாள், ஆடியது அவளுடைய கை. மூன்றாவது துளி சரியாக விழுந்தது, குளிர்ச்சியாக.

எத்தனை மணிக்கு எந்தப் போத்தல் என்பதை என் டூட்டிக் கொப்பியிலேயே இடக்கையால் கோணல் கோணலாக எழுதி வைத்தாள். நாலாம் நாள் பின்னேரம், படலையில் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து குரல் வந்தது. போனால், கொப்பி மடியில், போத்தல் கையில், சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“நாலு மணிப் போத்தல்” என்றாள். “ஏழு நிமிசம் லேற்.”